எங்கள் ஊருக்கு பஸ் வந்தது

எங்கள் ஊருக்கு முதல் பஸ் வந்த அன்று கேக் வெட்டினோம். செய்துகொண்டு வந்தவர் எதிர்வீட்டு அக்கா. மேலே நீல ஐசிங்கில் ஒரு பஸ் வரைந்து, சக்கரங்களுக்குச் சாக்லேட் பிஸ்கட் ஒட்டியிருந்தார். ஊர் மண்டபத்து வாசலில் பஸ் வந்து நின்றதும் எல்லாரும் கைதட்டினோம். என்ன நடக்கிறதென்று புரியாமல் ஓட்டுநர் இறங்கி வந்து ஒரு துண்டு வாங்கிக்கொண்டார். கத்தி அக்காவின் கையில் இருந்தது. அந்த பஸ் வந்ததால் அவருடைய வேலை போகப்போகிறது என்பது அங்கே நின்ற பழைய ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. அக்காவுக்குத் தெரியாது. பக்கத்தில் காகிதத் தட்டுகளை நீட்டிக்கொண்டு நின்ற எனக்கும் தெரியாது.

ஊர் என்று நான் சொல்வது நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்தின் தெற்கு ஓரத்தில், மோட்டார்வேயை விட்டு இறங்கி வெங்காய வயல்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் போனால் வருகிற ஒரு நாற்சந்தி. மண்டபம் ஒரு மூலையில். வெள்ளையடித்த மரத்தேவாலயம் இன்னொன்றில். டெய்ரி, அதாவது பாலும் ரொட்டியும் ஐஸ்கிரீமும் விற்கிற சின்னக் கடை, மூன்றாவதில். நான்காவது மூலையில் போரில் செத்தவர்களின் பெயர் செதுக்கிய ஒரு கல்தூண். அந்தக் கல்லில் இருக்கிற குடும்பப் பெயர்கள்தான் வயல்வெளி கேட்டுகளிலும் இருக்கும். இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள், வேறொருவர் மண்ணில், தாங்கள் விட்டுவிட்டு வந்த ஊரை அப்படியே திரும்பச் செய்துபார்க்க நினைத்திருக்கிறார்கள். ஓக் மரம், வேலிச்செடி, மணிக்கூண்டு எல்லாம் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். மண் மட்டும் ஒத்துழைக்கவில்லை. அது எங்கள் பக்கத்துச் செம்மண்ணை விடச் சிவப்பு. மழை பெய்தால் துணியில் ஏறி, பிறகு இறங்கவே இறங்காது.

நான் படிப்பு முடிந்ததும் நகரத்துக்குள் ஏவன்டேலில் ஒரு வாடகை வீட்டில் தோழிகளோடு நெருக்கியடித்துக்கொண்டு இருந்தேன். வேலை ஒரு மென்பொருள் கம்பெனியில். வாரத்தில் பெரும்பாலும் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஆனதும், எதற்கு இந்த நெரிசல் என்று தோன்றியது. இந்த ஊரில் ஒரு பண்ணை வீட்டின் பின்னால் தனியறை வாடகைக்கு என்று விளம்பரம் பார்த்தேன். போய்ப் பார்க்காமலே சரி என்று எழுதிவிட்டேன். நான் அப்படித்தான். "உனக்குக் கார் கூட இல்லையேடி, அங்க போய் என்ன பண்ணுவ?" என்று தோழி கேட்டபோது, "நடப்பேன்" என்றேன்.

நடந்தேன். நடைபாதை இல்லாத ரோட்டில், புல் ஓரமாக, மழையில். வந்த புதிதில் ஒருநாள் அப்படி டெய்ரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு பெரிய பள்ளிக்கூட பஸ் மெதுவாக வந்து நின்றது. கதவு திறந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் பச்சை நிறப் பளிச்சென்ற மேலங்கி போட்ட ஒரு பெண்.

"பிள்ளையளை இறக்கிப்போட்டன். ஏறும் தங்கச்சி, நனையாதையும்."

நான் வாய் பிளந்து நின்றேன். "அக்கா, நான் தமிழ்னு எப்படித் தெரியும்?"

"குடை பிடிச்சிருக்கிறீர். இஞ்ச வெள்ளைக்காரர் குடை பிடிக்க மாட்டினம், நனைஞ்சு போவினம். குடையோட நடக்கிற ஆள் எங்கட ஆள்தான்."

எதிர்வீடு என்று தெரிந்தது அன்றைக்குத்தான். எதிர்வீடு என்றால் நடுவில் ரோடும் ஒரு குதிரை மேய்ச்சலும் இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த குடும்பம். ஒனிஹங்காவில் ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டியிருக்கிறார், அலுவலகங்கள் துப்புரவு செய்திருக்கிறார், பிறகு கனரக வண்டி லைசன்ஸ் எடுத்து இந்த பஸ்ஸில் ஏறியவர் இறங்கவே இல்லை. பஸ் அவருடைய வீட்டுப் பக்கத்துப் புல்வெளியிலேயே இரவு நிற்கும். காலையில் அவர் அதைக் கிளப்பும் சத்தம்தான் எனக்கு அலாரம்.

பள்ளிக்கூட பஸ் என்றால் நகரத்துப் பிள்ளைகள் நினைக்கிற மாதிரி இல்லை. அது பண்ணைப் பண்ணையாக, கேட் கேட்டாகப் போகும். ஒரு கேட்டில் அண்ணன் தங்கை, இன்னொன்றில் நாயோடு வந்து நிற்கிற ஒரு பெண்குழந்தை. எந்தப் பிள்ளைக்கு வளைவில் வாந்தி வரும், எந்த வீட்டில் இந்த வாரம் அம்மா இல்லை, யார் யாரோடு சண்டை, எல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. மாலையில் கேட்டில் ஆள் இல்லையென்றால் பிள்ளையை இறக்க மாட்டார். ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பார், பெரியவர் யாராவது களத்திலிருந்து கையாட்டும் வரை. பதிலுக்குப் பிள்ளைகள் எலுமிச்சம்பழம், முட்டை, ஃபிஜோவாப் பழம் என்று கொண்டுவந்து முன்கண்ணாடியோரம் வைப்பார்கள். ஃபிஜோவா சீசனில் பஸ் முழுக்கக் கொய்யாவும் சோப்பும் கலந்த மாதிரி ஒரு வாசனை.

ஒருநாள் தேவாலயத்துக்கு அப்பால் இருக்கிற பள்ளிக்கூட வாசலில் நான் நின்றிருந்தபோது, எல்லாரும் ஏறிவிட்டீர்களா என்று அக்கா ஆங்கிலத்தில் கேட்க, உள்ளேயிருந்து மொத்தக் கூட்டமும் "ஓம்" என்று கத்தியது. மஞ்சள் முடியும் புள்ளி புள்ளி முகமுமாக அத்தனை பண்ணைப் பிள்ளைகள்.

"என்னக்கா, பஸ்ல யோகா வகுப்பு நடத்துறீங்களா?"

"அது உங்கட ஓம். இது எங்கட ஓம். 'யெஸ்' எண்டு சொல்லுறதிலும் பாக்க உதுதான் நல்லாக் கேக்குது."

அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவர் பேசியதில்லை, அதனால் நானும் எழுதப்போவதில்லை.

அண்ணனைச் சொல்ல வேண்டும். அக்காவின் கணவர். ஒடாஹுஹுவில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தவர். சர்க்கரை வியாதி கண்ணுக்குப் போய், கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் நிழல் தவிர மற்றதெல்லாம் மறைந்துவிட்டது. முதலில் கார் ஓட்டுவதை விட்டார், பிறகு வேலையை விட்டார். வாடகை குறைவு என்பதாலும் பஸ்ஸை நிறுத்த இடம் கிடைத்ததாலும் இந்த ஊருக்கு வந்தார்கள். வந்ததிலிருந்து அவர் வீட்டுக்குள்தான். அக்கா காலையில் ஒரு சுற்றுப் போய், மாலையில் இன்னொரு சுற்றுப் போய், நடுவில் அவரைக் காரில் ஏற்றி எங்காவது கூட்டிப்போவார். ஒடாஹுஹுவில் காய்கறிக் கடை, ஒனிஹங்காவில் அவருடைய பழைய கூட்டாளி வீடு. கடதாசி விளையாடுகிற கூட்டாளிகள். சீட்டில் என்ன இருக்கிறதென்று பக்கத்தில் ஒருவர் காதில் சொல்ல, அண்ணன் விளையாடுவார். ஆனால் ஆட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில் அக்கா மாலைச் சுற்றுக்குத் திரும்பியாக வேண்டும்.

"நான் என்ன பாசலே?" என்பார் அண்ணன். "ஏத்திக்கொண்டு போறதும், இறக்கிறதும், திரும்பக் கட்டிக்கொண்டு வாறதும்."

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அக்கா அப்போது கழுவிய கோப்பையைத் திரும்பக் கழுவிக்கொண்டிருப்பார்.

ஊர் மாறிக்கொண்டிருந்தது. முதலில் வயல்களில் உச்சியில் இளஞ்சிவப்பு நாடா கட்டிய குச்சிகள் நட்டார்கள். அது ஏதோ பயிருக்கு என்றுகூட நான் நினைத்தேன். அடுத்த வெயில்காலத்தில் வேலிச்செடிகளைக் காணோம். பிறகு குன்றைக் காணோம். ஒரு குன்று காணாமல் போவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மஞ்சள் இயந்திரங்கள் அதை வழித்து வழித்துப் பக்கத்துப் பள்ளத்தில் போட்டு எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கின. அதன் மேல் கறுப்புக் கூரை வீடுகள், ஒன்றுக்கொன்று கை நீட்டினால் தொடுகிற மாதிரி. தெருக்களுக்கு அங்கே முன்பு வந்துகொண்டிருந்த பறவைகளின் பெயர்கள். மாதிரி வீட்டின் வாசலில் கொடிகள்.

பழைய ஊர்க்காரர்கள் டெய்ரியில் நின்று இதைப் பற்றிப் புலம்பும்போது என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்துவார்கள். ஏனென்றால் அந்த வீடுகளுக்கு வருகிறவர்கள் என்னைப் போல இருப்பவர்கள். என் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு சென்னைப் பையனே அங்கே வீடு வாங்கினான். புதுமனைப் புகுவிழாவில் பால் பொங்கியது, கூடவே புகை அலாரமும் பொங்கியது. தெருவே வெளியே வந்து நின்றது. தெருவில் எல்லாருமே நம்மவர்களாகவோ பிலிப்பினோக்களாகவோ சீனர்களாகவோ இருந்ததால், இரண்டு வீட்டில் தங்கள் பால் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு அந்தத் தெருவும் பிடித்திருந்தது. அதுதான் என் சங்கடம். குன்றுக்காக அழுவதா, மார்ட்கேஜ் கிடைத்த பையனுக்காகச் சந்தோஷப்படுவதா? அவனுக்கு வீடு வேண்டும் என்றுதானே குன்று போனது.

இந்த ரோட்டில் எதிரே கார் வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார்கள். வணக்கம் அவ்வளவுதான். நான் வந்த புதிதில், நடந்துகொண்டே பதிலுக்கு முழுக்கையையும் ஆட்டி எல்லாரையும் பயமுறுத்தியிருக்கிறேன். வீடுகள் வர வர அந்த விரல் நின்றுபோனது. யாரென்று தெரியாத இத்தனை காருக்கு எத்தனை தடவை தூக்குவது.

ஆனால் ஆள் கூடினால் பஸ் கேட்கலாம். இதை முதலில் சொன்னது அக்காதான். மண்டபக் கமிட்டியில் நான் இருந்தேன். எந்தக் கமிட்டியில்தான் நான் இல்லை. அக்கா ஒருநாள் மாலைச் சுற்றை முடித்துவிட்டு மேலங்கியைக்கூடக் கழற்றாமல் என் அறைக்கு வந்தார்.

"நகரத்து பஸ்ஸை இஞ்சாலை திருப்பிவிடச் சொல்லிக் கேட்டா என்ன? அந்த ரயில் ஸ்டேசன் வரைக்கும் வந்துதானே திரும்பிப் போகுது. இன்னும் கொஞ்சத் தூரம்."

"சூப்பரா கேக்கலாம்க்கா."

"இவர் தனியப் போய் வருவார். பஸ்ஸில அடுத்தது எந்த ஸ்டொப் எண்டு குரல் சொல்லும். எனக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. விளையாட்டு முடிய வரட்டும், விடியப் போய்ப் பொழுதுபட வரட்டும். எனக்கென்ன?"

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. போஸ்டர் அடித்தேன். புது வீடுகள் ஒவ்வொன்றின் கதவையும் தட்டினேன். பஸ் வந்தால் யார் எங்கே போவார்கள் என்று வரைபடம் போட்டேன். பழைய வீடுகளுக்கு அக்கா போனார், ஏனென்றால் அந்தக் கேட்டுகள் அவருடையவை. பிள்ளைகளின் பெற்றோர்கள் ஒருவர்கூட மறுக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்கள், தேநீர் கொடுத்தார்கள், அக்காவை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை மரியாதை என்று அக்கா எடுத்துக்கொண்டார். அது ஒருவகையில் மரியாதைதான்.

மண்டபத்தில் கூட்டம் நடந்தது. பஸ் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அக்கா எழுந்து நின்று பேசினார். இங்கிலீஷில், சின்னச் சின்ன வாக்கியங்களாக. என் கணவருக்குக் கண் தெரியாது. அவர் நல்ல மனிதர். அவர் வீட்டுக்குள் இருந்து வீணாகிறார். அவ்வளவுதான் பேச்சு. கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கும்போது, இந்த ஊரிலேயே பெரிய வெங்காயப் பண்ணை வைத்திருக்கும் கிழவர் அக்காவிடம் வந்தார். அவருடைய பேரப்பிள்ளைகள் அக்கா பஸ்ஸில் வருகிறவர்கள். தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே, "இது உனக்கு நிச்சயம்தானா?" என்று கேட்டார்.

"நிச்சயம்" என்றார் அக்கா.

"நீ நல்ல பெண்மணி" என்றார் அவர். தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "அந்த மனுசன் ஆரையும் அப்பிடிச் சொல்லாது, தெரியுமோ?"

பஸ் வந்தது. கேக் வெட்டியதைச் சொல்லிவிட்டேன். அண்ணனின் முதல் தனிப் பயணத்தைச் சொல்லவில்லை. வெள்ளைக் கைத்தடி, இஸ்திரி போட்ட சட்டை, தலைக்கு எண்ணெய். அக்கா அவரை ஏற்றிவிட்டுத் தன் காரில் பின்னாலேயே போகலாம் என்று கிளம்ப, நான் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். மாலையில் பிள்ளைகளை எல்லாம் இறக்கி முடித்து அக்கா பஸ்ஸைப் புல்வெளியில் நிறுத்துகிற நேரத்துக்கு, அண்ணன் நாற்சந்தியிலிருந்து தடியைத் தட்டித் தட்டி நடந்து வந்தார். கையில் ஒடாஹுஹுவில் வாங்கிய கத்தரிக்காயும் ஒரு மீனும்.

"மீன் நாறுது எண்டு ஒரு பெடியன் எழும்பி மற்றப் பக்கம் போய் இருந்தான்" என்றார். "இரண்டு சீட்டும் எனக்குத்தான்."

அவ்வளவு சத்தமாக அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

அந்தப் பள்ளிப் பருவம் முடிகிற சமயத்தில் ஒரு மத்தியானம் நான் அக்கா வீட்டுச் சமையலறையில் இருந்தேன். அண்ணன் ஒனிஹங்கா போயிருந்தார். அக்காவின் போன் அடித்தது. பள்ளி பஸ்களை நடத்துகிற முதலாளி, பக்கத்து டவுன்காரர், அக்காவை அந்த வேலையில் வைத்தவர். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மாவு பிசைந்துகொண்டே பேசினார். அடுத்த பருவத்திலிருந்து ஓட்டம் இல்லை, பஸ்ஸை யார்டுக்குக் கொண்டுவருவதற்கு எந்த நாள் வசதி என்று அவர் கேட்டார்.

"எந்த ஓட்டம் இல்லை?" என்றார் அக்கா.

அவர் சொன்னார். பொது பஸ் ஓடாத ஊருக்குத்தான் அரசாங்கம் பள்ளி பஸ் தருகிறது. பொது பஸ் வந்துவிட்டால் தராது. அது எப்போதும் இருக்கிற விதி. "நீதானே முன்னால் நின்று அந்த பஸ்ஸைக் கேட்டாய்? வேறு வேலை ஏற்பாடு செய்துகொண்டாய் என்று நினைத்தேன். உனக்குத் தெரியும் என்று நினைத்தேன், செல்லம்." அவர் குரல் உண்மையிலேயே உடைந்திருந்தது.

அக்கா போனை வைத்துவிட்டு மாவைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். "கனக்கத் தண்ணி விட்டிட்டன்" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. மறுநாளே மண்டபக் கமிட்டிப் பெண்களிடம் போய்க் கேட்டேன், உங்களுக்குத் தெரியுமா தெரியாதா. தெரியும் என்றார்கள். அவர்கள் பிள்ளைகளாக இருந்தபோது பக்கத்து ஊரில் அப்படி நடந்திருக்கிறது. "அப்படியானால் ஏன் சொல்லவில்லை?" ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தோம். கணவனுக்காக வேலையையே விடுகிறாள், எவ்வளவு பெரிய மனசு என்று பேசிக்கொண்டோம். அதைப் போய் அவளிடம் கேட்பது எப்படி? அது அவளுடைய சொந்த விஷயம் அல்லவா?

அந்த மரியாதையை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். ஏவன்டேல் ஞாயிறு சந்தையில் முருங்கைக்காய் பொறுக்குகிற முன்பின் தெரியாத மாமி, கையில் இருப்பதைக் கீழே வைப்பதற்குள் கேட்டுவிடுவார்: சம்பளம் எவ்வளவு, விசா என்ன, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பயந்துதான் நான் இந்த ஊருக்கே ஓடிவந்தேன். யாரும் எதுவும் கேட்காத ஊர் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன். அப்படி ஒரு மாமி அந்த மண்டபத்தில் இருந்திருந்தால், "ஏம்மா, இந்த பஸ் வந்தா உன் பஸ் என்ன ஆகும்?" என்று கூட்டத்துக்கு நடுவில் கேட்டிருப்பார். அக்காவும் அந்தக் கிழவரும் எதிரெதிரே நின்றார்கள். அக்காவுக்குக் கேட்கத் தெரியவில்லை. கிழவருக்குக் கேட்கக் கூச்சம்.

நான் கல்வி அமைச்சகத்துக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக எழுதினேன். பதில்கள் பண்பாக வந்தன. இந்தப் பகுதி இப்போது நகரச் சேவைக்குள் இருக்கிறது, புரிதலுக்கு நன்றி. அப்படியானால் நகர பஸ்ஸைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதலாமா என்று நான் கேட்டபோதுதான் அக்கா முதன்முறையாக என்னிடம் கோபப்பட்டார்.

"விசரே உமக்கு? அந்த மனுசன் இவ்வளவு காலத்துக்குப் பிறகு தன்ர காலில வெளிக்கிட்டுப் போகுது. அதைப் பறிக்கச் சொல்லுறீரோ?"

"அப்ப உங்க வேலைக்கா?"

"என்ர வேலை என்ர வேலை." பிறகு குரல் தணிந்தது. "அவருக்குச் சொல்லாதையும். நானா விட்டிட்டன் எண்டுதான் சொல்லியிருக்கிறன். இதாலதான் போச்சுது எண்டு தெரிஞ்சா பஸ்ஸில கால் வைக்காது அந்தாள்."

அண்ணன் நம்பினார். நம்பியது மட்டுமில்லை, என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். "உங்கட அக்காவுக்கு இனி ஆறுதல், தங்கச்சி. எத்தினை வருசம் விடிய எழும்பி ஓடினவள். நான் எத்தினை தரம் விடச் சொன்னனான். இப்பதான் கேட்டிருக்கிறாள்." நான் தலையாட்டினேன். தலையாட்டியது அவர் கண்ணுக்குத் தெரியாதே என்று பிறகு "ஆமாண்ணா" என்று வாயால் சொன்னேன்.

நகர பஸ் ஓட்டலாமே என்று கேட்டுப் பார்த்தேன். டிப்போ ஒடாஹுஹு பக்கம், ஆளும் தேடுகிறார்கள். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அதில ஆர் ஏறினது எண்டு திரும்பிப் பாக்கவும் நேரம் விடமாட்டாங்கள். எனக்கு அது ஏலாது."

கடைசி நாளைப் பற்றி எழுத நிறைய இல்லை. பிள்ளைகள் அட்டைகள் செய்துகொண்டுவந்தார்கள். பெரியவர்கள் பூச்செண்டு கொடுத்தார்கள், தியாகத்துக்கு நன்றி சொல்கிற முகத்தோடு. அக்கா யாரையும் திருத்தவில்லை. மாலையில் பஸ்ஸை யார்டுக்கு ஓட்டிப்போனார், நான் கூடப் போனேன். சாவியைக் கொடுக்குமுன் ஒரு துடைப்பம் கேட்டு வாங்கி, பின் சீட்டு வரை கூட்டினார். முதலாளி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கூட்டினார். சீட்டுக்கு அடியிலிருந்து ஒற்றைக் காலுறைகளும் விழுந்த பால்பல் ஒன்றை வைத்த சின்ன டப்பாவும் வந்தன. பல்லை மட்டும் பையில் போட்டுக்கொண்டார். யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

விடுமுறை முடிந்து அடுத்த பருவம் திறந்த காலை. எனக்கு விழிப்பு வந்துவிட்டது, ஆனால் சத்தம் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அக்கா மேலங்கியோடு புல்வெளியில் நின்றிருந்தார். பஸ் நின்ற இடத்தில் புல் மஞ்சளாகச் செத்து, பஸ்ஸின் நீள அகலத்துக்கு ஒரு கட்டம் விழுந்திருந்தது. அதை மிதிக்காமல் அதன் ஓரத்தில் நின்றிருந்தார். அண்ணன் அப்போதுதான் தடியோடு நாற்சந்திக்குக் கிளம்பினார்; பஸ் வரும் வரை டெய்ரியில் கதை பேசிக்கொண்டிருப்பது அவருக்கு வழக்கமாகியிருந்தது. அவர் போகும் வரை காத்திருந்து நான் ரோட்டைத் தாண்டினேன்.

"ஒருக்காச் சுத்திப்போட்டு வாறன்" என்றார் அக்கா. "ஆரும் மறந்துபோய்க் கேட்டில நிண்டால்? சின்னதுகள். வாறீரே?"

காரில் போனோம். அவருடைய பழைய சின்னக் கார், உள்ளே உட்கார்ந்தால் ரோடு முகத்துக்கு நேராக வருகிறது. முதல் கேட்டில் மெதுவாக்கினார். யாருமில்லை. இரண்டாவதில் நாய் மட்டும் நின்று எங்களைப் பார்த்துக் குரைத்தது, அது பஸ்ஸுக்குக் குரைக்காத நாய். குன்று இருந்த இடத்தைத் தாண்டி, வெங்காயக் களங்களைத் தாண்டி, ஒவ்வொரு கேட்டிலும் ஓரம் கட்டி ஒரு பிள்ளை ஏறுகிற அளவுக்கு நின்றார். பிறகு கண்ணாடியைப் பார்த்துவிட்டு எடுத்தார். எந்தக் கேட்டிலும் எந்தப் பிள்ளையும் நிற்கவில்லை. யாரும் மறக்கவில்லை.

எல்லாரும் பள்ளிக்கூட வாசலில்தான் இருந்தார்கள். காருக்குப் பின் காராக, தேவாலயம் வரை வரிசை. இந்த ஊரில் நான் அதுவரை பார்க்காத டிராபிக். பண்ணை டிரக்குகளும் புது வீட்டுக் கார்களும் ஒன்றையொன்று முட்டாமல் நகர்ந்துகொண்டிருந்தன. எங்களுக்கு முன்னால் நின்ற டிரக்கிலிருந்து நாய்க் கேட்டுப் பெண்குழந்தை குதித்து இறங்கியது. எங்கள் காரை நேராகப் பார்த்தது. பஸ்ஸை விட அவ்வளவு தாழ்வாக, அந்தச் சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அதற்குப் பிடிபடவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டது. அக்கா ஹாரனில் வைத்த கையை அப்படியே வைத்திருந்தார், அடிக்கவில்லை.

வரிசையிலிருந்து ஒரு வழியாக வெளியே வந்து திரும்பினோம். மண்டபத்துக்கு முன்னால் நகர பஸ் நிறுத்தத்தை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. அதற்கு வழி விட அக்கா புல் ஓரத்தில் பாதி ஒதுங்கி நிறுத்தினார். அது எங்களைக் கடந்து மெல்லத் திரும்பியபோது உள்ளே அண்ணன் தெரிந்தார். நேராக நிமிர்ந்து, தடியை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, கண்ணாடிப் பக்கம் முகத்தை வைத்திருந்தார். வெயில் முகத்தில் விழுந்திருந்தது. எங்களைப் பார்க்க முடியாது அவருக்கு. இருந்தும் அக்கா மேலங்கியை அவசரமாகக் கழற்றி மடியில் சுருட்டிக்கொண்டார்.

"முன் சீட்டில இருக்கிறார்" என்றார். "அது நல்லம். இறங்கச் சுகம்."

பஸ் மோட்டார்வேப் பக்கம் போய் மறைந்தது. பின்னால் வந்த கார் ஹாரன் அடித்தது. அக்கா நகரவில்லை.